சல்லடை மேல் போட்ட பழி

கல்லுக்கு வயது சொல்வது என் வேலை என்று சொன்னால் எதிரே இருப்பவர் உடனே உள்ளங்கையை நீட்டுவார். "அப்படியே எனக்கும் ஒரு பலன் சொல்லுங்க." கல்யாணப் பந்தியில், வங்கியில், புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டியின் முன்னால், எங்கே போனாலும் இதே நகைச்சுவை. முதல் சில வருடங்கள் நானும் சிரித்து வைத்தேன். இப்போது சிரிப்பதில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், கையை அவர்களாகவே மடக்கிக்கொள்கிறார்கள்.

எண்ணெய்க் கிணறுகளுக்காகக் கடல் ஓடுகளைப் பார்க்கிறேன் என்றால், அடுத்த கேள்வி எண்ணெய்க்கும் கடல் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது. பொறுமையாகச் சொல்கிறேன், ஒரு முறைதான் சொல்வேன். எண்ணெய் தேடிப் பூமியைத் துளைக்கிறவர்களுக்குத் தாங்கள் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. மேலே வருவது சேறும் கல்தூளும்தான். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் என்பதால் அந்தத் தூளில் ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் கிடக்கும். மணலைவிடச் சன்னமானவை. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வகை வாழ்ந்து பூண்டோடு அழிந்திருக்கிறது. எந்த வகை ஓடு கிடைக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன காலத்துப் பாறை என்று சொல்லலாம். இதில் ஜோசியம் எங்கே வந்தது?

இத்தனை பேரில் ஒருவரை மட்டும் நான் மதிக்கிறேன். டெல்டா பக்கத்துத் தூரத்துச் சொந்தம், விவசாயி. ஒரு காதுகுத்து விழாவில் என் பக்கத்து இலையில் உட்கார வந்தவர், "எங்க நெலத்த நோண்ட நீதான் ஆள் காட்றியாமே" என்று கேட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். அவருடைய கோபத்துக்காவது ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடம் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளைச் சுவரையும் குளிர்சாதனத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி, இன்னொரு பக்கம் பிஸ்கட் கம்பெனி. மதியத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடையும் பிஸ்கட் வேகும் வாசனையும் சேர்ந்தே வரும். டெல்டாவில் தோண்டும் கிணறுகளிலிருந்து கல்தூள் துணிப்பைகளில் எங்களுக்கு வரும். ஒவ்வொரு பையிலும் ஆழம் எழுதியிருக்கும். ஊறவைத்து, சல்லடையில் கழுவி, காயவைத்து, மிஞ்சியதிலிருந்து ஓடுகளைப் பொறுக்கி ஸ்லைடில் வைத்து அறிக்கை கொடுப்போம். எங்கள் முதலாளி கல்லைப் பற்றி எதுவும் தெரியாதவர். கழுவுற மீனில் நழுவுற மீன். எந்தச் சண்டையிலும் அவரைப் பிடித்து நிறுத்தி ஒரு பதில் வாங்க முடியாது.

கழுவுகிற வேலையைச் செய்தவரை நாங்கள் வாஷிங் அக்கா என்போம். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. பக்கத்துக் கிராமத்தில் மாதா கோயிலை ஒட்டிய கத்தோலிக்கத் தெருவில் வீடு. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பேருந்தில் வந்து இறங்கியதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனால் மாலைதான் நிமிர்வார். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது பிடிக்கும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். சல்லடையின் கண் அவ்வளவு சிறியது. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் ஓர் ஓடோ இரண்டு ஓடோ கண்ணில் சிக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த பைத் தூளைக் கழுவும்போது அதில் விழுந்து கலந்துவிடும். பழைய கிணற்று ஓட்டைப் புதிய கிணற்று ஓடு என்று நாம் எண்ணிவிடுவோம். அதனால் ஒவ்வொரு முறை கழுவி முடித்ததும் சல்லடையை நீலச் சாயத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சிக்கிக் கிடக்கும் ஓடு நீலமாகிவிடும். பிறகு எந்தத் தூளில் நீல ஓடு தென்பட்டாலும், அது முந்தைய தூளின் மிச்சம் என்று ஒதுக்கிவிடலாம். இதனால் அக்காவின் நகக்கண்கள் எப்போதும் நீலமாகவே இருக்கும். "வருஷம் பூரா ஓட்டுப் போடறியா" என்று பூசைக்குப் போகும் இடத்தில் கேலி செய்கிறார்களாம்.

இந்தக் கொட்டகைக்குள்தான் முசே, அதாவது பிரெஞ்சு 'ஐயா', வந்து சேர்ந்தார். எங்களுக்குள் அவருக்கு அதுதான் பெயர். பிறந்தது புதுச்சேரி, படித்ததும் உழைத்ததும் பிரான்சு. ஓய்வு பெற்றுத் திரும்பியவரை முதலாளி ஆலோசகர் என்று கூட்டிவந்து என் தலைக்கு மேல் உட்கார வைத்தார். முதலாளியோடு பிரெஞ்சு, என்னோடு ஆங்கிலம், டிரைவரோடும் அக்காவோடும் தமிழ். அந்தத் தமிழிலும் ஏவலும் ஏச்சும் தவிர வேறு வார்த்தை கிடையாது. ஓடு பொறுக்கும் தூரிகையை முனை கூராக நாக்கில் வைத்து நனைப்பார். பல பேர் செய்கிற காரியம்தான். ஆனால் அது என் தூரிகை. என் மேசையில், என் டப்பாவில் இருந்ததை எடுத்து நாக்கில் வைப்பார், வைத்துவிட்டுத் திரும்ப அதே டப்பாவில் போடுவார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நல்லவேளை, அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தெரியும் பாறை வெட்டுகளில் ஏறி இறங்கி வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஆனால் கிணற்றுத் தூளைப் பார்த்தவர் இல்லை. பாறை வெட்டில் வேலை செய்பவர் கீழே தொடங்கி மேலே ஏறுவார். ஓர் அடுக்கில் பழைய ஓடும் புதிய ஓடும் கலந்து கிடந்தால், அடுக்கு புதியது, பழைய ஓடுகள் வேறெங்கிருந்தோ அரித்துக்கொண்டு வந்தவை என்று முடிவு செய்வார். அங்கே அது சரி. கிணற்றில் நாங்கள் மேலிருந்து கீழே போகிறோம். துளையின் பக்கச் சுவர் உதிர்ந்துகொண்டே இருக்கும். மேல் அடுக்கின் புதிய ஓடுகள் விழுந்து, அடியிலிருந்து வரும் பழைய தூளோடு கலந்துதான் வெளியே வரும். அதனால் புதியதைக் கண்டு ஏமாறக் கூடாது. இறங்கிப் போகும்போது ஒரு பழைய ஓடு முதன்முதலாக எங்கே கண்ணில் படுகிறதோ, அங்கே அதன் காலத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அந்தக் கிணறு கடலோர டெல்டாவில் இருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிக் கட்டப் பாறையைத் துளை தொட்டதும், அதற்கு மேல் தோண்டாமல் நிறுத்தி, சுவர் இடியாதபடி இரும்புக் குழாய் இறக்க வேண்டும். தொட்டுவிட்டதா இல்லையா என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி. வந்த தூளில் இரண்டு வகை ஓடுகளும் இருந்தன. ஒன்று கூம்பு போல் முள் முள்ளாக இருக்கும், புதியது. மற்றது விளிம்பில் இரட்டைக் கரை ஓடும், நல்ல வேட்டிக்கு ஓடுகிற மாதிரி. அது டைனோசர் காலத்தோடு அழிந்துபோன வகை. முசே என்னைக் கேட்காமல் அறிக்கை அனுப்பினார். புதிய ஓடு இருப்பதால் இன்னும் தொடவில்லை, தோண்டலாம் என்று எழுதியிருந்தார்.

கிணற்றுக்காரர்களின் கருவிகள் வேறு மாதிரி சொல்லின. அப்படியானால் இரட்டைக் கரை ஓடு எப்படி வந்தது என்று அவர்கள் போனில் கேட்டார்கள். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். முசே யோசிக்கவில்லை. அரித்து வந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றாமல், அது எங்கள் சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்த போன கிணற்று மிச்சம், கழுவுகிறவள் சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சொல்லிவிட்டு அங்கேயே விட்டிருக்கலாம். எங்கள் கேட்டுக்கும் பிஸ்கட் கம்பெனி கேட்டுக்கும் நடுவில் காலையில் ஒரு டீக்காரர் மொபெட்டோடு வந்து நிற்பார். மூன்று கம்பெனிப் பெண்களும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள். முசே போனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வந்தார். அக்கா டீ கிளாஸை அப்போதுதான் வாங்கியிருந்தார்.

"ஏய், இங்க வா. சல்லடைய கழுவுறியா, இல்ல சும்மா தண்ணி காட்டிட்டு எடுத்துடறியா?"

"கழுவித்தான் சார் வெக்கிறேன். நீலத்துலயும் முக்கித்தான் எடுக்கிறேன்."

"பொய் சொல்லாத. போன கெணத்து அழுக்கு இந்தக் கெணத்துல வந்து நிக்குது. உன்னால எவ்ளோ பெரிய எண்ணெ கெணறு கெட்டுப்போச்சுன்னு தெரியுமா? பத்து பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியவள கொண்டாந்து லேபுல வெச்சா இப்படித்தான்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். "ஸ்லைட காட்டுங்க சார். மிச்சம்னா நீலமாத்தான இருக்கணும், பாத்துடலாம்" என்று கத்தினேன். இது உங்கள் விஷயம் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு முசே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த முதலாளி முதலில் வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா. நானே கூப்பிடறேன்."

எங்கள் தொழிற்பேட்டையில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். அக்காவுக்கும் அது தெரியும். உள்ளே போய்ச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அவ்வளவு நீள வாய்க்காரர் பேசாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முசே தன் ஸ்லைடை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பூட்டிக்கொள்ளட்டும். ஒவ்வொரு தூளிலும் பொறுக்கியது போக மிச்சத்தைச் சீசாவில் போட்டு அலமாரியில் வைப்போம் என்பதை அவர் மறந்துவிட்டார், அல்லது அந்த மாதிரி சில்லறை விஷயங்களை அவர் தெரிந்துகொள்ளவே இல்லை. அலமாரி முழுக்கத் தேடி, இரண்டு நாள் கழித்து அந்தச் சீசாவை எடுத்துக் கொட்டி, மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தேன். நியாயத்துக்காக உட்கார்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஆத்திரத்திலும்தான் உட்கார்ந்தேன். இரண்டும் ஒரே வேலையைச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரட்டைக் கரை ஓடுகள் இன்னும் இருந்தன. வெளுத்த பால் நிறம். விளிம்பு தேயாமல், உடையாமல், வேறெங்கிருந்தோ உருண்டு வந்த அடையாளமே இல்லாமல் இருந்தன. ஒன்றில்கூட நீலம் இல்லை. ஆனால் தட்டின் ஓரத்தில் உடைந்த ஓட்டுத் துணுக்குகள் இரண்டு மூன்று கிடந்தன. எந்த வகை என்று சொல்ல முடியாத நொறுங்கல்கள். அவை நல்ல நீலம். அந்தத் துணுக்குகளைப் பார்த்ததும் எனக்குச் சத்தமாகச் சிரிக்கத் தோன்றியது. நீலத் துணுக்கு இருக்கிறது என்றால் சல்லடை சாயத்தில் முங்கியிருக்கிறது. சாயத்தில் முங்கிய சல்லடையில் இரட்டைக் கரை ஓடு ஒட்டியிருந்தால் அதுவும் நீலமாகியிருக்கும். ஆகவில்லை. அப்படியானால் அது இந்தக் கிணற்றின் சொந்த ஓடு. துளை அந்தப் பாறையைத் தொட்டுவிட்டது. அக்கா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

முதலாளியையும் முசேயையும் நுண்ணோக்கிக்குக் கூப்பிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றார். முசே வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து, இவ்வளவு பழைய ஓட்டில் சில சமயம் சாயம் ஏறாமலும் போகலாம் என்றார்.

இரட்டைக் கரை ஓடு ஒன்றைத் தூரிகை நுனியில் எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் இருந்த நீலத்தில் விட்டேன். பிறகு எடுத்துக் கழுவி, லென்சுக்கு அடியில் வைத்தேன். முசேயைப் பார்க்கச் சொன்னேன். முதலாளியையும் பார்க்கச் சொன்னேன்.

"நீலமா இருக்கே" என்றார் முதலாளி.

முசே தொப்பியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

முதலாளிக்கு அப்போதும் அக்காவின் நினைவு வரவில்லை. கிணற்றுக்காரர்கள் தோண்டுவதை நிறுத்தி வைத்துவிட்டு எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், அதுதான் அவருடைய கவலை. திருத்திய அறிக்கையில் முசே கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், அதனால் நான் போட வேண்டும் என்றார். போடுகிறேன், ஆனால் அக்கா என்றேன். "அட, அது ஒரு விஷயமா, நாளைக்கே வரச் சொல்லுங்க" என்று தாராளமாகக் கையை விரித்தார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சல்லடையில தப்பில்லன்னு உங்களுக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரியும். அங்க டீ குடிச்சினு நின்ன அத்தன பேருக்கும் யாரு சொல்றது?"

"நீங்க வந்து வேலைய பாத்தா தானா தெரிஞ்சுடும்க்கா."

"இன்னா தெரியும்? பிஸ்கட் கம்பெனில வேலை கேக்கப் போனேன். 'எண்ணெ கெணத்த கெடுத்தது நீதான'ன்னு அந்த சூபர்வைசரு சிரிக்கிறாரு. குடம் கம்பெனியிலயும் அதான். பூசைக்குப் போனா அங்கயும் கேக்கறாங்க. எம் பொண்ணுங்க ஸ்கூல்ல கேக்கறாங்க. நாளைக்கு நீங்க கம்பெனிய மூடிட்டா மேட்டுப்பாளையத்துல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"அப்ப என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்கக்கா."

"நான் வரேன் மேடம். ஆனா அந்தாளு எங்க நின்னு சொன்னாரோ அங்கயே நின்னு சொல்லணும். அதே டீ நேரத்துல. அத்தன பேரு முன்னாடியும். இல்லன்னா எனக்கு இந்த வேலையே வேணாம்."

முதலாளியிடம் போய் இதைச் சொன்னேன். முசே அப்படிச் சொன்னால்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா அதைக் கேட்கச் சொல்லவில்லை, அது என் சொந்தச் சரக்கு. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது இன்னா ஆபீஸா, பஞ்சாயத்தா? அங்க தோண்டற ரிக்கு சும்மா நிக்குது மேடம்!"

"நிக்கட்டும் சார்."

"அவரு எவ்ளோ பெரிய மனுஷன்."

"அதுக்குத்தான் சார். பெரிய மனுஷன் சொன்னதுனாலதான் ஊரே நம்பிச்சு."

அவர் முசேயின் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் வெகுநேரம் பிரெஞ்சு கேட்டது, நடுவில் குரல் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. என்ன பேரம் நடந்ததோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை. எல்லா நாட்டுக் கௌரவமும் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசித்தான் இறங்கி வரும்.

மறுநாள் காலை அக்கா வந்தார். கேட்டுக்கு உள்ளே வரவில்லை, வெளியே டீக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். பிஸ்கட் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள், குடம் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். ஏதோ நடக்கப் போகிறது என்று அவர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அன்றைக்குக் கூட்டம் அதிகம். அந்தச் சூபர்வைசரும் இருந்தார். திருத்திய அறிக்கை என் கையில் இருந்தது, கையெழுத்து இல்லாமல். முதலாளி முன்னால் வர, முசே பின்னால் வந்தார். அக்காவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பர்தோன், மதாம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

புதுச்சேரியில் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பிரெஞ்சு வார்த்தை தெரியாதவர் யாரும் இல்லை. அக்காவுக்கும் தெரியும்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றார் அக்கா. "திட்டனது தமிழ்லதான?"

முசே நின்றார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் திறக்கவில்லை. அவர் கழுத்து சிவந்து வந்ததைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

"சல்லடை சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றார் முசே. செருமிக்கொண்டார். "கெணத்த யாரும் கெடுக்கல. தப்பா பாத்தது நான். மன்னிச்சிடுங்க."

நான் அங்கேயே மதில்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்தக் கிணற்றில் எண்ணெய் வந்ததா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

முசே போகவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது, சுற்றி நின்ற எல்லோருக்கும் புரிந்தது. நம் ஊரில் ஒருவர் மன்னிப்புக் கேட்டால் கேட்ட வாய் மூடுவதற்குள் அடுத்தவர், "ஐயோ, பரவால்ல சார், விடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அடிபட்டவர்தான் அடித்தவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக முசே காத்திருந்தார். டீக்காரர் காத்திருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் காத்திருந்தேன்.

அக்கா சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவரைத் தாண்டி உள்ளே போய்க் குழாயைத் திறந்தார்.